ஒரு பக்கம் மின்சாரம், மறுபக்கம் தனிக்குரல்: பாப் டிலனின் 1965 இசைத்தட்டு

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் நாட்டுப்புறப் பாட்டைக் கைவிட்டு ராக் இசைக்குப் போனார் என்ற பேச்சு எழும்போதெல்லாம், 1965ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் அவர் எலக்ட்ரிக் குழுவோடு பாடியபோது எழுந்த கூச்சலைத்தான் எல்லோரும் முதலில் நினைவுகூர்வார்கள். அந்தக் கூச்சலுக்கு நான்கு மாதம் முன்பே, மார்ச் 22 அன்று, அவர் செய்யப்போவதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்ட இசைத்தட்டு ஒன்று கடைகளுக்கு வந்திருந்தது. கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'பிரிங்கிங் இட் ஆல் பேக் ஹோம்' என்பது அதன் பெயர். முதல் பக்கத்தில் எலக்ட்ரிக் கிட்டாரும் பேஸும் டிரம்ஸும் சேர்ந்த குழுவோடு ஏழு பாட்டுகள். மறுபக்கத்தில் ஒரு மரக் கிட்டாரையும் மவுத் ஆர்கனையும் மட்டுமே பெரும்பாலும் நம்பிப் பாடிய நான்கு பாட்டுகள். மொத்தம் 47 நிமிடம். இந்தத் தட்டின் மோனோ (எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும்) மறுபதிப்பை நான்கு மாதங்களாக வாரம் ஒருமுறையாவது கேட்டுவருகிறேன். டிலனின் பாட்டைப் புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு முதலில் நான் கையில் கொடுக்க விரும்பும் தட்டு இதுதான்.

வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே தட்டை வாங்க நினைப்பவர்களுக்கு அது பயன்படும். முதலில் இணையக் கடை ஒன்றில் பணம் கட்டி வரவழைத்த பிரதி, மழைக்குப் பிறகு காய்ந்த அப்பளம்போல விளிம்பில் வளைந்து வந்து சேர்ந்தது. முள் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கியதால் முதல் பாட்டின் கிட்டாரே அலையலையாக ஆடியது. அதைத் திருப்பி அனுப்பிப் பணம் பெறுவதற்குள் ஐந்து வாரம் ஓடிவிட்டது. பிறகு கடலூரிலிருந்து பேருந்து ஏறிப் புதுச்சேரிக்குப் போய், பழைய தட்டுகளும் புதிய தட்டுகளும் விற்கும் ஒரு சிறிய கடையில், உறையைப் பிரித்துப் பார்த்து, தட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி விளிம்பு நேராக இருக்கிறதா என்று சோதித்தபின் 3,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இந்தப் பணத்துக்கு நேரில் பார்த்து வாங்குவதே நல்லது. நம்முடைய கடற்கரை ஊர்களில் இன்னொரு கவனமும் வேண்டும். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து காகித உறையில் பூசணம் பிடிக்க வைத்துவிடுகின்றன; ஆகவே உள்ளுறையை மாற்றி, தட்டைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, அலமாரியின் கீழ்த்தட்டைத் தவிர்த்து வைப்பது அவசியம்.

உறையின் மேல் அட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டேனியல் கிராமர் எடுத்த அந்தப் புகைப்படத்தில், மடியில் ஒரு பூனைக்குட்டியோடு டிலன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் சிவப்பு உடையில் அவருடைய மேலாளரின் மனைவி சாலி கிராஸ்மன் சாய்ந்திருக்கிறார். அவர்களைச் சுற்றி இதழ்களும் இசைத்தட்டுகளும் இறைந்து கிடக்கின்றன. படத்தின் ஓரங்கள் மட்டும் சுழன்று மங்கியதுபோலத் தெரிகின்றன. என் பிரதியில் அச்சு சற்றே இருண்டிருப்பதால், அந்தத் தட்டுகள் எவை என்று பார்க்க நான் பூதக்கண்ணாடியை எடுக்க வேண்டியிருந்தது. அவற்றுள் டெல்டா புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் தட்டு இருக்கிறது, ஆஸ்திரியாவில் பிறந்த நாடக மேடைப் பாடகி லோட்டே லென்யாவின் தட்டு இருக்கிறது, நம் ரவிசங்கரின் சிதார் தட்டும் இருக்கிறது. ஒரு பாட்டுக்காரர் தன் வீட்டுக்குள் எதையெல்லாம் அழைத்து வைத்திருந்தார் என்பதற்கு அந்தப் படமே சாட்சி. பின்னட்டையில் அவர் எழுதிய உரைநடை இருக்கிறது. பாட்டு வரிகளோ அச்சிடப்படவில்லை. ஆங்கிலத்தைக் காதால் மட்டும் பிடிக்கச் சிரமப்படும் என் போன்றவர்களுக்கு அது ஒரு குறைதான்.

இந்தத் தட்டை நான் இவ்வளவு கருத்தாகக் கேட்டதற்குக் காரணம் நம் ஊரில் இருக்கிறது. போன ஆடி மாதம் எங்கள் பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய இரவு, வெளியூரிலிருந்து வந்த நாட்டுப்புறப் பாட்டுக் குழு ஒன்று பாடியது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா நடவுப் பாட்டு ஒன்றை எடுத்தார். முதல் இரண்டு அடிகள் தனிக்குரலில் வந்தபோது கூட்டம் பேச்சை நிறுத்திக் கேட்டது. மூன்றாவது அடியில் கீபோர்டும் எலக்ட்ரானிக் டிரம் பேடும் உள்ளே வந்தன. அதன்பின் அந்த அம்மாவின் வாய் அசைந்ததைத்தான் பார்த்தோம். ஒரு சொல்லும் எங்களை வந்து சேரவில்லை. பாட்டுக் கருவியில் மின்சாரம் சேர்ந்தால் பாட்டு கெட்டுவிடும் என்று சொல்லும் பெரியவர்களும், காலத்துக்கு ஏற்ப மாறத்தான் வேண்டும் என்று சொல்லும் இளைஞர்களும் அன்றிரவு அந்தத் திடலிலேயே வாதாடினார்கள். இரண்டு கட்சியும் கருவியைப் பற்றியே பேசின. அந்த அம்மாவின் சொல் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியோடுதான் நான் இந்தத் தட்டுக்கு வந்தேன்.

முதல் பக்கத்தைக் கேட்க எனக்குத் துணையாக வந்தவர், பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாற்பது ஆண்டுக்கும் மேலாகத் தெருக்கூத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. டிலனின் பெயரையும் அவர் அன்றுதான் முதலில் கேட்டார். நான் எதையும் விளக்காமல் முள்ளை வைத்தேன்.

முதல் பாட்டான 'சப்டெரேனியன் ஹோம்சிக் புளூஸ்' இரண்டே கால் நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் பாட்டு. மூச்சுவிட இடமில்லாமல் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. ராக் அண்ட் ரோலின் முன்னோடியான சக் பெர்ரியின் வேகப் பாட்டுகளின் சாயல் அதில் தெளிவாகத் தெரியும். ராகம் என்று சொல்ல அதிகம் இல்லை. ஒரே இடத்தில் நின்று தாளத்தின்மீது சொல்லை அடுக்கும் முறை அது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்ததும், "தம்பி, எனக்கு ஒரு வார்த்தையும் புரியல. ஆனா ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா காதுல விழுது. மேளம் இவ்வளவு போட்டும் எழுத்து மேல ஏறி உக்காரல பாருங்க" என்றார். ஒலிப்பெருக்கி எட்டாத காலத்தில், விடிய விடியக் கடைசி வரிசைக்குச் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்த கலையிலிருந்து வந்தவர் சொன்ன தீர்ப்பு அது. இந்தத் தட்டைப் பற்றி நான் படித்த எதைக்காட்டிலும் அந்த ஒரு வாக்கியம் எனக்குத் தெளிவைத் தந்தது.

அவர் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் பக்கம் முழுவதையும் மறுபடி கேட்டால், தயாரிப்பாளர் டாம் வில்சன் செய்த வேலை புரிகிறது. ஜாஸ் இசையிலிருந்து வந்த கறுப்பினத் தயாரிப்பாளரான அவர், குரலை எங்கும் குழுவுக்குள் அமுக்கவில்லை. புரூஸ் லாங்ஹார்ன் வாசிக்கும் எலக்ட்ரிக் கிட்டார், பாட்டு அடிகளுக்கு இடையில் கிடைக்கும் சந்துகளில்தான் நுழைகிறது. அடி தொடங்கியதும் ஒதுங்கி நிற்கிறது. நம் கூத்தில் கூத்தாடுபவர் பாடும்போது முகவீணை தாழ்ந்து, பாட்டு நின்ற இடத்தில் அதை வாங்கி இழுத்துக்கொண்டு போகுமே, அந்த முறைதான். சிறுவயதில் வெடி விபத்தில் வலக்கை விரல்கள் சிலவற்றை இழந்தவர் லாங்ஹார்ன் என்று அறிந்தபின் அந்த வாசிப்பின் சிக்கனம் எனக்கு இன்னும் ஆழமாகக் கேட்டது. 'ஷி பிலாங்ஸ் டு மீ', 'லவ் மைனஸ் ஸீரோ' ஆகிய இரண்டு மென்மையான பாட்டுகளில் அவருடைய கிட்டார் நீர்மேல் விழும் மழைத்துளிபோல மிகச் சிறிய ஒலிகளைத் தூவிக்கொண்டே போகிறது. எலக்ட்ரிக் என்றாலே இரைச்சல் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாவது பாட்டான 'மேகீஸ் ஃபார்ம்'தான் இந்தப் பக்கத்தின் உயிர். ஒரு பண்ணையில் இனி வேலை செய்யமாட்டேன் என்று ஒருவன் திரும்பத் திரும்பச் சொல்வதும், பண்ணைக்காரியின் குடும்பத்தில் ஒவ்வொருவரும் தனக்குச் செய்வதை எடுத்துச் சொல்வதும்தான் பாட்டு. பழைய மரபைத் துறந்த பாட்டு என்று இதைப் பலர் சொல்வதுண்டு. ஆனால் இதன் வேரே நாட்டுப்புறப் பாட்டில் இருக்கிறது. பென்ட்லி பாய்ஸ் என்ற குழு 1929இல் பதிவுசெய்த 'டவுன் ஆன் பென்னீஸ் ஃபார்ம்' என்ற குத்தகை உழவரின் முறையீட்டுப் பாட்டை எடுத்துத்தான் டிலன் இதை வார்த்தார். பழைய பாட்டில் உழவன் தன் துன்பத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறான். இங்கே அவன் வேலையை விட்டு வெளியேறுகிறான். கிட்டார் மாறியது கண்ணுக்குத் தெரிந்ததால் எல்லோரும் அதையே பேசினார்கள். உண்மையான மாற்றம் உழவனின் வாயில் நிகழ்ந்திருக்கிறது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போன குடும்பத்தில் பிறந்தவன் என்பதாலோ என்னவோ, இந்தப் பாட்டை நான் இரண்டு முறை போடாமல் கடந்ததில்லை.

'அவுட்லா புளூஸ்', 'ஆன் த ரோட் அகெய்ன்' ஆகிய இரண்டும் சராசரியான பாட்டுகள். குழு ஒரே கட்டியாக ஓடுகிறது, சொல்லிலும் சிறப்பில்லை. தட்டின் தளர்ந்த இடம் அதுதான்.

பக்கத்தின் கடைசிப் பாட்டான '115ஆவது கனவு' தொடங்கும் இடத்தை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது. டிலன் தனியாகக் கிட்டாரை மீட்டி முதல் அடியைப் பாடுகிறார். குழு சேர்ந்துகொள்ள வேண்டிய இடத்தில் சேரவில்லை. அவர் பாட்டை நிறுத்திச் சிரித்துவிடுகிறார்; பதிவறையில் வில்சனும் விழுந்து விழுந்து சிரிக்கிறார். சில நொடிகளில் இரண்டாம் முறை தொடங்குகிறார்கள், இந்த முறை டிரம்ஸும் கிட்டாரும் சரியான இடத்தில் பாய்ந்து வருகின்றன. அந்தத் தவறை வெட்டி எறியாமல் தட்டிலேயே வைத்திருக்கிறார்கள். பெரியவர் இங்கே கண்ணைத் திறந்தார். "மேளக்காரங்க எடுப்ப விட்டுட்டாங்க தம்பி. பாட்டுக்காரரு கோவப்படல பாருங்க, சந்தோசமா இருக்காரு" என்றார். தனியாக ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்த ஒருவருக்குக் கூடிப் பாடும் தோழமை கிடைத்தபோது வந்த சிரிப்பு அது என்றே நான் நம்புகிறேன். மாறிய கலைஞரின் மனநிலை என்ன என்பதற்கு அந்தச் சில நொடிகளைவிட நேரான சான்று வேறில்லை.

தவிர, ராக் இசை டிலனுக்குப் புதிதும் அல்ல. மினசோட்டா மாநிலத்தின் ஹிப்பிங் என்ற சுரங்க ஊரில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே அவர் குழு அமைத்து ராக் அண்ட் ரோல் வாசித்தவர். 1959இல் பள்ளி ஆண்டு மலரில், ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்டோடு சேர்வதே தன் விருப்பம் என்று எழுதிக் கொடுத்தவர். 1962இல் குழுவோடு ஒரு சிறிய தட்டும் வெளியிட்டார், அது யார் கவனத்தையும் பெறவில்லை. ஆகவே எல்லாவற்றையும் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவதாகப் பொருள்படும் இந்தத் தட்டின் தலைப்பை அலங்காரச் சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பெரியவர் தேநீர் குடித்துக்கொண்டே தன் பெட்டியைப் பற்றிப் பேசினார். அவருடைய பாட்டனார் காலத்தில் கூத்துக்கு முகவீணையும் மத்தளமும் தாளமும்தான் இருந்தனவாம். ஆர்மோனியப் பெட்டி முதலில் வந்தபோது, காற்றுப் பெட்டியின் நிலைத்த சுரத்தில் கூத்துப் பாட்டின் வளைவுகள் நசுங்கிப்போகும் என்று ஊர்ப் பெரியவர்கள் தடுத்தார்களாம். இன்று அந்தப் பெட்டி இல்லாமல் எங்கள் பக்கத்தில் கூத்து தொடங்குவதே இல்லை. அவர் சொன்னது ஒரு கிராமத்தின் கதை மட்டுமன்று. 1840களில் பாரிஸ் நகரத்தில் அலெக்சாண்டர் டெபேன் காப்புரிமை பெற்ற கருவி ஆர்மோனியம். சுரத்தை அசைத்து வளைக்கும் நம் இசையின் கமகத்துக்கு அது ஒவ்வாது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடைசெய்தது, 1971 வரை அந்தத் தடை நீடித்தது. வானொலி நிலையத்துக்குள் நுழைய முடியாத கருவி, அந்த முப்பது ஆண்டுகளும் கூத்துக் களத்தில் அரிதாரம் பூசிய முகங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. "பெட்டி பாட்டக் கெடுக்காது. பாடுறவன முந்திக்கிட்டுப் போறவன் கைதான் கெடுக்கும்" என்று பெரியவர் சொன்னபோது, ஆடி மாதத்து இரவுக்கு எனக்கு விடை கிடைத்தது.

இந்த இடத்தில் நியூபோர்ட்டுக்கு வருவது பொருத்தம். அன்று டிலன் மேடையேறியபோது உடன் வாசித்தவர்கள் பெரும்பாலும் பால் பட்டர்ஃபீல்டின் புளூஸ் குழுவைச் சேர்ந்தவர்கள். கிட்டாரில் மைக் புளூம்ஃபீல்டு, ஆர்கனில் அல் கூப்பர். முந்தைய இரவு மட்டுமே ஒத்திகை பார்த்திருந்தார்கள். 'மேகீஸ் ஃபார்ம்' முதல் பாட்டு. அதற்கு ஐந்து நாள் முன்புதான் வெளியாகியிருந்த, ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' அடுத்தது. மூன்றே பாட்டுகளில் குழு இறங்கிவிட்டது. கூட்டத்தில் சிலர் கூச்சலிட்டார்கள், சிலர் கைதட்டினார்கள். மின்சாரத்தை எதிர்த்துக் கூச்சலிட்டார்களா, ஒலி சரியில்லாததாலா, இவ்வளவு சீக்கிரம் முடித்ததாலா என்ற வாதம் அறுபது ஆண்டாக ஓயவில்லை. நாட்டுப்புற இசையின் மூத்தவரான பீட் சீகர், கோடரி கிடைத்தால் மைக் ஒயரை வெட்டிவிடுவேன் என்று கொதித்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். அதற்கு அவர் சொன்ன காரணத்தை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஒலி அவ்வளவு சிதைந்திருந்ததால் பாட்டின் சொற்கள் புரியவில்லை, அந்தச் சொற்கள் கேட்க வேண்டியவை என்பதே அவருடைய ஆத்திரம். எங்கள் கோயில் திடலில் யாரும் கேட்காத கேள்வியை அவர் கேட்டிருக்கிறார். அதே 'மேகீஸ் ஃபார்ம்' இந்தத் தட்டில் ஒவ்வொரு சொல்லும் துலங்க ஒலிப்பதைக் கேட்கும்போது, அன்றைய சண்டையில் பாதி ஒலியமைப்பினால் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

மேடையைவிட்டு இறங்கிய டிலனை மறுபடி அழைத்து வந்தார்கள். மரக் கிட்டாரோடு தனியாக நின்ற அவர் கூட்டத்தைப் பார்த்துக் குறிப்பிட்ட சுருதியில் ஒரு மவுத் ஆர்கன் கேட்க, பல மவுத் ஆர்கன்கள் மேடையில் வந்து விழுந்தன. அப்படித் தனியாக அவர் பாடிய இரண்டு பாட்டுகளும் இந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தைத் தொடங்கும் பாட்டும் முடிக்கும் பாட்டுமாகும். அதாவது அந்த இரவில் அவர் செய்தது இந்தத் தட்டை முதல் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கத்துக்குத் திருப்பியதுதான்.

நாமும் திருப்புவோம். இருபத்துநான்கு நிமிடம் ஓடிய முதல் பக்கம் முடிந்து, முள் உள்வட்டத்தில் தட்டித் தட்டி நிற்கும்போது, எழுந்துபோய்த் தட்டை எடுத்து, விளிம்பை மட்டும் உள்ளங்கைகளால் பிடித்துப் புரட்டி வைக்க வேண்டியிருக்கிறதே, அந்த அரை நிமிட அமைதிக்காகவே இதை இசைத்தட்டாக வாங்க வேண்டும் என்பேன். கைப்பேசியில் கேட்டால் ஏழாவது பாட்டு முடிந்த கையோடு எட்டாவது ஓடிவந்துவிடுகிறது; இரண்டு உலகங்களுக்கு நடுவில் இருக்கும் வாசற்படி காணாமல் போய்விடுகிறது.

இரண்டாம் பக்கம் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டோடு திறக்கிறது. விடியும் வரை தூக்கம் வராமல் தெருவில் நிற்கும் ஒருவன், தாளக்காரன் ஒருவனைத் தனக்காக ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பது இது. ஒரு பெரிய வட்டப் பறையில் சிறு சலங்கைகளைக் கட்டி வாசித்துவந்த லாங்ஹார்னைப் பார்த்துத்தான் இந்தப் பாட்டு தோன்றியதாக டிலன் சொல்லியிருக்கிறார். கஞ்சிராவைப் பல மடங்கு பெரிதாக்கினால் எப்படியோ அப்படி அந்தக் கருவியை நினைத்துக்கொள்ளலாம். அதே லாங்ஹார்ன் இந்தப் பாட்டில் எலக்ட்ரிக் கிட்டாரை மிக மெல்லிய ஓசையில், குரலுக்குப் பின்னால் இரண்டாம் குரலாக இழைத்திருக்கிறார். தனிக்குரல் பக்கம் என்று எல்லோரும் சொல்லும் பக்கத்தின் வாசலிலேயே மின்சாரம் காவல் நிற்கிறது. இதே பாட்டைப் பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு பன்னிரண்டு தந்தி எலக்ட்ரிக் கிட்டாரோடு சுருக்கிப் பாடி அதே 1965இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அது அழகிய பாட்டுதான், ஆனால் தூக்கமில்லாதவனின் தவிப்பு அதில் குறைந்துவிட்டது.

'கேட்ஸ் ஆஃப் ஈடன்' எனக்கு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. படிமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, அவற்றை இணைக்கும் நூலை நான் பிடிக்கவில்லை.

ஆனால் 'இட்ஸ் ஆல்ரைட் மா' ஏழரை நிமிடப் பாட்டு. இந்தத் தட்டுக்குக் கொடுத்த பணம் முழுவதும் இந்த ஒரு பாட்டுக்கே தகும். கிட்டாரின் கீழ்த்தந்தி ஓயாமல் இடித்துக்கொண்டிருக்க, விற்பனையும் போலிப் புகழும் அதிகாரமும் மனிதனை எப்படிச் சுருக்குகின்றன என்பதை எதுகை தெறிக்க அவர் சொல்லிக்கொண்டே போகிறார். நம் சிந்து பாடும் புலவர்களின் முடுகு நடையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஓட்டம் அந்நியமாகத் தோன்றாது. முதல் பக்கத்தின் முதல் பாட்டில் குழுவோடு சேர்ந்து சொல்லை அடுக்கிய அதே மூச்சுதான் இங்கே தனியாக நின்று அடுக்குகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் கருவி வேறுபட்டும் பாடும் முறை ஒன்றாகவே இருப்பது விளங்கும். கடைசிப் பாட்டான 'இட்ஸ் ஆல் ஓவர் நவ், பேபி புளூ' ஒரு விடைபெறுதல். பில் லீயின் பேஸ் மட்டும் அடியில் மெல்ல நடந்துவர, குரல் எங்கும் உயராமல் வருத்தத்தைத் தாங்கிக்கொண்டு போகிறது.

இந்த இரண்டு பக்கங்களும் ஏதோ ஓராண்டு இடைவெளியில் பதிவானவை என்று நினைத்திருந்தேன். நியூயார்க்கில் கொலம்பியாவின் 'ஏ' என்ற பதிவறையில் 1965 ஜனவரி 13 முதல் 15 வரை மூன்றே நாளில் எல்லாம் முடிந்திருக்கின்றன. ஜனவரி 15 அன்று குழுவோடு 'மேகீஸ் ஃபார்ம்' பாடிய அதே டிலன், அதே அறையில், அதே நாளில் இரண்டாம் பக்கத்தின் நான்கு பாட்டுகளையும் பாடியிருக்கிறார். ஒரே தொண்டை காலையில் உடுக்கைக்கும் மாலையில் மேளத்துக்கும் பாடியதுபோல. இதை அறிந்தபின், அவர் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவினார் என்ற பேச்சை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. அடுத்த ஆண்டு உலகப் பயணத்திலும் அவர் முன்பாதியைத் தனியாகவும் பின்பாதியைக் குழுவோடும் பாடினார். 1966 மே 17 அன்று மான்செஸ்டர் நகரின் ஃப்ரீ டிரேட் ஹால் அரங்கில் ஒருவர் "யூதாஸ்!" என்று கத்தியது பின்பாதியில். முன்பாதி முழுவதையும் அமைதியாக இருந்து கேட்ட கூட்டத்திலிருந்துதான் அந்தக் குரல் எழுந்தது.

மோனோவா ஸ்டீரியோவா என்று கேட்பவர்களுக்கு மோனோவைத்தான் சொல்வேன். நண்பர் ஒருவரிடம் இருக்கும் ஸ்டீரியோ பிரதியில் கருவிகள் இடமும் வலமுமாக விலகி நிற்பதால் ஒவ்வொன்றையும் பிரித்துக் கேட்க முடிகிறது. படிக்கும் நோக்கத்தோடு கேட்பவர்களுக்கு அது உதவும். மோனோவில் எல்லாம் ஒரே இடத்திலிருந்து, ஒரே உடம்பாக வருகிறது. குரல் அந்த உடம்பின் முகமாக முன்னால் நிற்கிறது. என் பிரதியில் அழுத்தம் நன்றாக இருக்கிறது, மேற்பரப்பு இரைச்சல் மிகக் குறைவு, ஆனால் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில், முள் நடுவை நெருங்கும்போது, மவுத் ஆர்கனின் உச்ச ஒலிகள் சற்றே கரகரக்கின்றன. முள்ளின் எடையைச் சரிபார்த்து, தட்டை ஒருமுறை காய்ச்சி வடித்த நீரில் துடைத்தபின் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. 3,200 ரூபாய் என்பது நம் ஊரில் சிறிய தொகையன்று. நிதானமாக உட்கார்ந்து கேட்கும் வசதி உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். ராக் இசையின் வேகத்தை மட்டும் தேடுபவர்களுக்கு, அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 'ஹைவே 61 ரீவிசிட்டட்' அதிகம் பிடிக்கும். நாட்டுப்புறப் பாட்டு மேடையில் இருப்பவர்கள், குறிப்பாக மைக் செட்டும் மிக்சர் என்ற ஒலிக் கலவைப் பலகையும் கையாளும் தம்பிகள், யாரிடமாவது இரவல் வாங்கியாவது முதல் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பெரியவர் அன்று கிளம்பும் முன் மூன்றாவது பாட்டை இன்னொரு முறை போடச் சொன்னார். அது என்ன பாட்டு என்று கேட்டார். பண்ணையாள் ஒருவன் இனி இங்கே வேலை செய்யமாட்டேன் என்று சொல்லும் பாட்டு, ஐயா, என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு முழங்காலில் இடக்கை விரல்களால் துருத்தி போடுவதுபோலத் தட்டியபடி, அந்த ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் இடத்தில் வலக்கை விரல்களைக் காற்றில் வைத்துச் சுரம் தேடினார். அடுத்த வியாழக்கிழமை பெட்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.